பாத்திரத்தில் மட்டும் நம் பெயர்

ஞாயிற்றுக்கிழமை வீடு மாறுகிறோம். காரைக்கால் டவுனுக்குள்ளேயே ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு. என் கணவர் தன் பங்கு வேலையை முடித்துவிட்டார். மினி லாரிக்குச் சொல்லிவிட்டார், அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். "ஷிஃப்டிங்ல மாட்டிக்கிட்டேன், ஒரே அலைச்சல்" என்று அவர் நண்பரிடம் போனில் சொன்னது காதில் விழுந்தபோது நான் பரணில் இருந்தேன். கையில் எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத நான்கு மூடிகள்.

வீட்டைக் காலி செய்வது தூக்குகிற வேலை என்று நினைக்கிறவர்கள் அதைச் செய்யாதவர்கள். தூக்க ஆள் கிடைக்கும். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வந்தால் அட்டைப்பெட்டியும் டேப்பும்கூட அவர்களே கொண்டுவருவார்கள். கூலிக்குக் கிடைக்காதது ஞாபகம். ரேஷன் அட்டை எந்த உறையில், பிள்ளையின் சாதிச் சான்றிதழ் எந்தப் புத்தகத்தின் நடுவில், மாமியாரின் பழைய ஸ்கேன் எந்தப் பையில். எண்ணெய் இனி வாங்க வேண்டாம், இருக்கிற உளுந்து இத்தனை நாளுக்கு வரும். கடைசி இரவுக்கு ஒரு குக்கரும் ஒரு வாணலியும் வெளியே இருக்க வேண்டும். போய் இறங்கியதும் முதலில் பிரிக்க வேண்டிய பையில் பால் பாத்திரம், லைட்டர், அம்மாவின் பிரஷர் மாத்திரை. மூன்று வாரமாக இந்தக் கணக்கு என் தலைக்குள் ஓடுகிறது. வகுப்பில் வெண்பாவுக்குத் தளை பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஓடுகிறது.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. கூலியில்லாத வீட்டுவேலைக்கு ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறாள், ஆண் 97. அதுவும் வீட்டுவேலையில் கைவைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. அப்படிக் கைவைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். 2024-இல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 ஆகியிருந்தது. பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழ்வதற்குள் பக்கத்துக் கட்டம் கண்ணில் பட்டது: ஆணுக்கு 88. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது.

ஆனால் வேலையைப் பங்குபோடுவது என் பேச்சில் பாதிகூட இல்லை. "சரி, நானும் ரெண்டு பெட்டி கட்டித் தர்றேன்" என்று ஓர் ஆண் வந்து நின்றால் தீர்ந்துவிடும் விஷயமாக இதைச் சுருக்க எனக்குச் சம்மதமில்லை. வீட்டை மூட்டையாகக் கட்டுகிறவளுக்கு அந்த வீட்டில் இருப்பதா போவதா என்பதில் என்ன அதிகாரம் இருக்கிறது? அதைத்தான் கேட்கிறேன். அவர் வீட்டைக் கட்டினார் என்றால் கட்டடம். அவள் வீட்டைக் கட்டினாள் என்றால் மூட்டை. வகுப்பில் இன்னொன்றும் கேட்பேன். இல்லான் என்றால் ஒன்றுமில்லாதவன், இல்லாள் என்றால் மனைவி, எப்படி? 'இல்' என்பதற்கு வீடு என்றும் இன்மை என்றும் இரண்டு பொருள் என்று எழுதி மாணவிகள் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் போய் நின்று பார்த்தால், பெண்பாலில் அந்த இரண்டு பொருளும் ஒன்றுதான்.

நம் ஊரில் ஒரு பெண் தன் வாழ்நாளில் காணும் பெரிய இடமாற்றம் கல்யாணம். இடம்பெயர்ந்த பெண்களில் நூற்றுக்கு 86.8 பேர் திருமணத்தால் இடம்பெயர்ந்தவர்கள் என்கிறது 2020-21ஆம் ஆண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பு. வேலைக்காகவோ படிப்புக்காகவோ போனவர்கள் மிச்சத்தில் அடக்கம். காரைக்கால்காரியான எனக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் புனிதவதிதான் நினைவுக்கு வருகிறாள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறோமே, அவள். சேக்கிழார் சொல்லும் கதையில் அந்த மாம்பழத்தை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நான் மறுபடி மறுபடி போய் நிற்பது வீட்டில். ஒரே மகள் என்பதால் தனதத்தன் அவளை நாகைக்கு அனுப்பாமல் காரைக்காலிலேயே வீடும் பொருளும் கொடுத்துக் குடிவைத்தான். அதாவது அது அவள் அப்பா கொடுத்த வீடு. பரமதத்தன்தான் வந்து சேர்ந்தவன். அவன் வாணிபத்துக்கென்று கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணை மணந்து குடித்தனம் வைத்துவிட்டான். செய்தி தெரிந்ததும் சுற்றத்தார் என்ன முடிவெடுத்தார்கள்? அவளைக் கொண்டுபோய் அவனிடம் விட்டுவிடுவது என்று. சிவிகையில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கணவன் இல்லாத வீடு அவள் வீடாகவே இருந்தும் யார் கண்ணுக்கும் வீடாகத் தெரியவில்லை. அங்கே அவன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் அவள் காலில் விழுகிறான். அவள் உடம்பின் சதையையே உதறிவிட்டுப் பேய் வடிவம் வாங்கிக்கொள்கிறாள். பக்தி என்று படித்தால் பக்தி. எனக்கு, இரண்டு ஊரிலும் வீடு இல்லையென்று தெரிந்துகொண்ட ஒரு பெண் எடுத்த முடிவாகவும் அது தெரிகிறது.

நமக்கென்று எழுதிவைப்பது பாத்திரத்தில்தான். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் எடுத்துவந்த குடம், கல்யாணச் சீரில் வந்த அண்டா, தூக்கு, சம்புடம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். எவர்சில்வர் கடையில் சின்ன மெஷினை வைத்துக் கிர்ரென்று புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்கள். என் அம்மாவின் பாத்திரங்களில் தாத்தாவின் இன்ஷியலோடு அம்மா பெயர். என் பாத்திரங்களில் அப்பாவின் இன்ஷியலோடு என் பெயர். பிறந்த வீட்டுக் காகிதத்தில் ஏறாத பெயர், புகுந்த வீட்டுக் காகிதத்திலும் ஏறாத பெயர், டம்ளரின் அடியில் பத்திரமாக இருக்கும்.

அந்தப் பெயர் ஒரே ஒருமுறை பத்திரம்போல் பயன்பட்டதைப் பார்த்திருக்கிறேன். நான் மண்டபத்தூரில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மீனுக்குக் கிராக்கி, அதனால் காலையில் பெண்கள் அன்னக்கூடையோடு கரையில்தான் நிற்பார்கள். இந்தக் கடற்கரையில் அத்தனை பெண்கள் செத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அம்மா அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் பிழைத்தாள். எதையும் எடுக்காமல் ஓடினாள். நான்கைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மணல். ஊர்ப் பாத்திரமெல்லாம் கருவை முள்ளிலும் சவுக்குத் தோப்பிலும் நசுங்கிக் கிடந்தன. பெண்கள் அவற்றைப் பொறுக்கி, மணலைத் துடைத்து, பெயரைப் படித்து, "இது உன்னுது", "இது செத்துப்போனவளோடது" என்று பிரித்துக் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் அன்று படித்த அளவுக்குப் பெண்களின் பெயர்களை எந்த ஆவணத்திலும் வரிசையாகப் படித்ததில்லை.

பிறகு கணக்கெடுக்க வந்தார்கள். படகு எத்தனை, எஞ்சின் எத்தனை, வலை எத்தனை. கடலுக்குப் போகிற ஆணின் தொழிலுக்குக் கட்டம் இருந்தது. கரையில் ஏலம் எடுத்துத் தலையில் சுமந்து விற்கிறவளின் அன்னக்கூடைக்கும், கருவாடு காயவைத்த மணலுக்கும், வட்டிக்கு வாங்கிய கைமுதலுக்கும் கட்டம் இல்லை. நாகை–காரைக்கால் கரையில் பல ஊர்களில் நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுக் கணக்குப்படிதான் பிரிந்தது. தலைக்கட்டு என்றால் வரி கட்டும் ஆண். அப்படியானால் விதவைக்கு? கணவன் விட்டுவிட்டுப் போனவளுக்கு? ஊர்ப்பேர் வேண்டாம், வேறோர் ஊரில் வாழ்க்கைப்பட்டுத் தாலியறுத்த என் பெரியம்மா, தனக்கும் ஒரு பாய், ஒரு போர்வை வேண்டுமென்று கேட்பதற்குத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றாள்.

தார் அட்டைக் கொட்டகைக்கு ஒருமுறை, அங்கிருந்து சுனாமிக் குடியிருப்புக்கு ஒருமுறை. இரண்டு தடவையும் மூட்டை கட்டியவள் அம்மா. எங்கே போவது, கடலுக்கு எவ்வளவு தூரத்தில் வீடு, அடுப்பு எந்தத் திசையில், கருவாடு எங்கே காயப்போடுவது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2005 மார்ச் 30-இல் ஓர் அரசாணை வந்தது. புதிதாகக் கட்டித்தரும் வீடுகளை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்றது. நல்ல ஆணை. அதே ஆணை, புது வீடு வேண்டுமானால் பழைய வீட்டு மனையின் உரிமையை அரசிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. வீட்டின் அளவு 300 முதல் 325 சதுர அடி. கடலோரத்து மனை போன பிறகு, சுவர் நான்கு மிஞ்சிய பிறகு, அந்தக் காகிதத்தில் பெண்ணின் பெயர் ஏறியது. அதற்கே ஒரு கடல் எழுந்து வர வேண்டியிருந்தது.

"வீடு என்னவோ உங்க ராஜ்ஜியம்தானே" என்பார்கள். பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்குகிற வாக்கியம். ராஜ்ஜியம் என்றால் வெளியே போகச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். குடும்பத்துக்காக நாற்பது பெட்டி கட்டுகிறவள் கெட்டிக்காரி. தனக்காக ஒரு பெட்டி கட்டினால்? வாரப்பத்திரிகை ஜோக்குகளையும் சினிமாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்: கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறவள். எத்தனை தலைமுறையாகச் சிரித்திருக்கிறோம்! சண்டை யாரால் வந்தாலும் வெளியேறுகிறவள் அவள்தான் என்பது அந்த ஜோக்கில் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. போகிற இடமும் அவள் வீடில்லை. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண்வாரிசு தானாகக் கேட்க முடியாது, ஆண்வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று இந்து வாரிசுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. அது நீங்கியது 2005 செப்டம்பர் 9-இல்தான்.

அதே ஆண்டில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் நிறைவேறி, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவின்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. 19ஆம் பிரிவு இன்னும் ருசியானது. வன்முறை செய்தவனை வீட்டைவிட்டு வெளியேறும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்படி ஒரு பெண்ணை வெளியேற்ற முடியாது. பெட்டியைக் கட்ட வேண்டியவன் அவன் என்று எழுதிவைத்த சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மாமனார் பெயரிலுள்ள வீடும் பகிர்ந்து வாழும் வீடாகலாம் என்று 2020 அக்டோபர் 15-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அது குடியிருக்கும் உரிமைதான், சொத்துரிமை கிடையாது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு வகுப்பை இதற்காக எடுத்துக்கொள்கிறேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும். கேட்டுவிட்டு மாணவிகள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு ஒருத்தி, எப்போதும் கடைசி பெஞ்சிலிருந்து, "எங்க அம்மாவுக்கு இது பொருந்துமா மேடம்?" என்று கேட்கிறாள்.

சாமான் ஒதுக்கும்போது எது முதலில் வெளியே போகிறது என்பதையும் கவனியுங்கள். என் முதல் வீடு மாற்றத்தில் அவருடைய கல்லூரிக்கால கிரிக்கெட் மட்டை, ஓடாத ஒரு ஸ்டீரியோ, பெயிண்ட் டப்பாக்கள் உட்பட எல்லாம் வந்து சேர்ந்தன. என் முனைவர் பட்ட ஆய்வுக் குறிப்பேடுகளில் ஒரு சாக்கு பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தது. "நோட்டுதானே, எழுதி முடிச்சாச்சே" என்றார்கள். அந்தச் சாக்கில் கவிதைகளும் இருந்தன. எவ்வளவு, என்னென்ன என்று சொல்லத் தெரியவில்லை. நல்ல கவிதைகளா என்று கேட்காதீர்கள், அதைத் தீர்மானிக்கிற வாய்ப்பு எனக்கு இருந்திருக்க வேண்டும். சாக்கைக் கட்டியது யார் என்று சண்டை போட்டேன். கட்டியது நான்தான். பெயர் எழுதாமல் கட்டியிருந்தேன்.

இந்த முறை முதலில் கட்டியது என் காகிதங்கள். சான்றிதழ், பாஸ்புக், நகை ரசீது, பழைய டைரிகள், அச்சேறாத கவிதைகள். இதைப் படிக்கிற பெண்களுக்கும் அதையே சொல்கிறேன்: சமையலறையைத் தொடுவதற்கு முன் உங்கள் காகிதத்தைத் தொடுங்கள். போகிற வீட்டின் ஒப்பந்தத்தையோ பத்திரத்தையோ கையில் வாங்கி வரி வரியாகப் படித்துவிட்டுப் பிறகு ஒரு கரண்டியைச் சுருட்டுங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் கட்டாதீர்கள். லாரி வாசலில் நிற்கட்டும்.

நான் அப்படித்தான் செய்தேன். அட்வான்ஸில் பாதி என் சம்பளம், ஒப்பந்தத்தில் என் பெயரும் வேண்டும் என்றேன். "சார் போட்டாலே போதுமே மேடம்" என்றார் வீட்டுக்காரர், என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்து. கணவருக்கும் சங்கடம்தான், நல்ல மனிதர், ஆனால் இதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. வேறு முத்திரைத்தாள் வாங்கி மறுபடி எழுதினோம். அம்மாவிடம் சொன்னபோது, "வாடகை வீட்டுக்குப் போயி இவ்ளோ ஆர்ப்பாட்டமாடி" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேரத் தப்பில்லாம எழுதிருக்கானான்னு பாத்தியா?" என்றாள். புது வீட்டில் பால் காய்ச்சும்போது விதவை என்று தானாகவே பின்னால் போய் நிற்பாள். அவளை அடுப்புக்கு முன்னால் நிறுத்துவது ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எடுத்துவைத்திருக்கிற இன்னொரு சண்டை.

சமையலறையை அவரிடம் விட்டிருக்கிறேன். முள்ளிலிருந்து எடுத்த, ஒரு பக்கம் நசுங்கிய அம்மாவின் தூக்குப் பாத்திரத்தை மட்டும் நான் எடுத்து, டைரிகளோடு வைத்துவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. இரண்டு அலமாரி அப்படியே இருக்கிறது. மிக்ஸியின் சின்ன ஜார் மூடி எங்கே என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறார். எங்கே என்று எனக்குத் தெரியும்.