கைக்கேற்ற துடுப்பு

வீட்டுப் பட்டறை

துடுப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் இல்லத்தரசிகளுக்கு நினைவு வருவது கடலன்று. கலியாணப் பந்தலின் பின்புறத்து அடுப்பேயாகும். பெரிய தவலையில் சருக்கரைப் பொங்கலை அடிபிடிக்காமல் கிண்டும் நீண்ட மரக்கருவிக்கும், நீரைத் தள்ளித் தோணியைச் செலுத்தும் கருவிக்கும் நம் மொழி ஒரே பெயரை இட்டிருக்கிறது. பொருத்தமான பெயரே. இரண்டும் ஒரு நாள் முழுவதும் ஒருவர் கையில் இருக்க வேண்டியவை. இரண்டிலும் அழகு பிறகு. முதலில் வேண்டுவது கைக்கு ஏற்ற அளவும் கனமும்.

குட்வில் எஸ்டேட்டில் வாழும் அன்பர்கள் சிலர் வீட்டின் பின்புறத்தில் சிறு தச்சுப் பட்டறை வைத்திருக்கின்றனர். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சிறு தோணியில் செல்வதற்குத் துடுப்பு செய்துகொள்ளும் முறையை எழுதுமாறு அவர்கள் கேட்டிருந்தனர். கடையில் அலுமினியக் காம்பும் பிளாஸ்டிக் தகடும் கொண்ட துடுப்புகள் கிடைக்கின்றன. அவை உழைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை யாருக்கென்றும் செய்யப்பட்டவையல்ல. நாம் செய்யப்போகும் துடுப்போ ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்வது.

செய்முறைக்கு முன் ஒரு சொல் விளக்கம். படகின் விளிம்பில் பொருத்தி வலிப்பதைத் தண்டு என்பர். எதிலும் பொருத்தாமல் இரு கைகளாலும் ஏந்திச் செலுத்துவதே துடுப்பு. தண்டின் பாரத்தைப் படகு தாங்கும்; துடுப்பின் பாரத்தைத் தோள் தாங்க வேண்டும். இந்த ஒரு வேற்றுமையை மனத்திற்கொண்டால் இனிக் கூறுவன யாவும் எளிதில் விளங்கும்.

எந்த மரத்தில் செய்வது? இந்தக் கேள்வியில்தான் நம்மவர் பலர் தடுமாறுகின்றனர். அந்தமானில் வாழ்வோருக்குப் படாக் மரத்தின்மேல் தனிப்பற்று உண்டு. அதன் செந்நிறமும் மெருகும் கண்ணைக் கவர்வன; கறையானும் எளிதில் அண்டாது. சாத்தம் தீவில் 1883ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசு மர அறுப்பாலையின் புகழும் பெரும்பாலும் படாக்கினால் வந்ததே. ஆகவே, 'நம் தீவின் துடுப்பைப் படாக்கிலேயே செய்வோம்' என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் கணக்கு வேறு விதமாகச் சொல்லுகிறது.

நன்கு உலர்ந்த படாக் மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 720 கிலோ நிறை கொண்டது. நம் நாட்டுச் சந்தன வேம்பு, அதாவது வடவர் தூன் என்று வழங்கும் மரம், ஏறத்தாழ 500 கிலோ. பெரியவர் ஒருவருக்கான துடுப்பில் சுமார் ஒன்றேகால் லிட்டர் கொள்ளளவு மரம் இருக்கும் என வைத்துக்கொள்வோம். படாக்கில் செய்தால் 900 கிராம். சந்தன வேம்பில் செய்தால் 625 கிராம். வேற்றுமை 275 கிராமே. ஒரு குவளைத் தண்ணீரின் நிறை. இதற்காகவா இத்தனை பேச்சு என்று கேட்கலாம். நிமிடத்திற்கு 30 முறை துடுப்புப் போட்டால் மணிக்கு 1,800 முறை அதனை நீரினின்று தூக்குகிறோம். 1,800 முறை 275 கிராம் என்றால் 495 கிலோ. படாக்கின் அழகுக்காக ஒரு மணிநேரத்தில் அரை டன் பாரத்தை வீணாகத் தூக்குகிறோம். அதுவும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் என்றால் என்ன ஆகும்? நடுவழியில் கை சோரும், நீரோட்டமோ சோர்வதில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரம் கனமற்ற மரங்களால் ஆனது; கரைக்கு வந்தவுடன் கட்டை அவிழ்த்துக் கட்டைகளை வெயிலில் உலர்த்துவர். நீர் ஊறிக் கனத்தால் மறுநாள் உழைப்பு இரட்டிக்கும் என்பதே காரணம். சோழர் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் எனக் குறிக்கும் நிக்கோபாரிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை பொருத்திய குடைதோணியை ஹோடி என்பர். தெற்கேயுள்ள தீவுகளில் குடையப்பட்ட தோணிகளைச் சௌரா தீவினர் வாங்க, கார் நிக்கோபார் மக்கள் சௌராவுக்குக் கடல் கடந்து சென்று அவற்றைப் பெற்றுவருவது பழைய வழக்கம். தம் வாசலில் நிற்கும் மரம் எதுவோ அதுவே போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. வேலைக்குரிய மரத்தைத் தேடிச் சென்றனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அக்கரைகளை அழித்தபோது ஊர்களோடு தோணிகளும் போயின. பொருள் போனாலும் மீண்டும் செய்துகொள்ளலாம், செய்யத் தெரிந்த கைகள் எஞ்சியிருந்தால்.

ஆதலின் பெருமைக்குரிய மரம் வேறு, பொருத்தமான மரம் வேறு. படாக்கை அடியோடு தள்ள வேண்டா. நீரடியில் கல்லிலும் மணலிலும் உரசும் முனையில் ஒரு விரற்கடைப் பட்டையாக ஒட்டினால் அதன் கடினம் அங்கே பயன்படும். எம்மரமாயினும் ரசீதுடன் முறையாக விற்கும் இடத்தில் வாங்குக. 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான வரம்புகளை விதித்தது. கழிமுகத்துக் கண்டல் மரங்களின்மேல் கை வைப்பதும் தகாது. அவை அலையைத் தடுத்து நம்மைக் காப்பவை.

பலகையைத் தேர்கையில் நாரோட்டத்தைக் காண்க. நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். காம்பு வரும் இடத்தில் நார் குறுக்காக வெளியேறினால் அத்துடுப்பு என்றேனும் அவ்விடத்திலேயே முறியும். கணுவும் வெடிப்பும் கூடா. ஒன்றரை அங்குலத் தடிப்பும் ஏழு அங்குல அகலமும் உள்ள நல்ல பலகை கிடைக்காவிடில் கவலையில்லை. நடுவில் ஒன்றரை அங்குலச் சதுரச் சட்டம் ஒன்றை நீளமாக வைத்து, தகட்டுப் பகுதிக்கு மட்டும் இருபுறமும் சிறு துண்டுகளை ஒட்டிக்கொள்ளலாம். தச்சர் வழக்கமாகப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை ஓயாத நனைவுக்கு ஆற்றாது. எபாக்சிப் பசையே தக்கது. நம் தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆகவே வாங்கிய மரத்தை உடனே அறுக்காமல், இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கி, காற்றோட்டமான நிழலில் உலரவிடுக. பச்சை மரமாயின் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழங்கணக்கு. இரு முனைகளிலும் வண்ணம் பூசிவைத்தால் வெடிப்பு ஓடாது.

இனி அளவு. துடுப்பின் நீரில் மூழ்கும் தகட்டை இலை என்றும், நடுப்பகுதியைக் காம்பு என்றும், மேல்முனையைப் பிடி என்றும் வழங்குவோம். துடுப்புக்குரியவரை முழந்தாளிட்டு அமரச் செய்க. பிட்டம் தரையிலிருந்து அரையடி உயர்ந்திருக்கட்டும். தரையிலிருந்து மூக்கு வரை உள்ள உயரமே பிடியிலிருந்து இலையின் கழுத்து வரை வேண்டிய நீளம். அதனோடு இலைக்கு 20 அங்குலம் சேர்க்க. பெரியவர்க்குப் பெரும்பாலும் நாலரை அடிக்குச் சற்று மேல் வரும். தோணியின் விளிம்பு உயரமாயின் இரண்டோர் அங்குலம் கூட்டுக. பிள்ளைகளுக்கு இலையின் நீள அகலங்களையும் குறைக்க வேண்டும். அண்ணன் துடுப்பைத் தம்பிக்குக் கொடுப்பது, அண்ணன் செருப்பைத் தம்பிக்கு மாட்டுவது போன்றதே.

வேலையின் முதற்படி நடுக்கோடு. பலகையின் முகத்தில் நூல் அடித்து, அதே கோட்டைப் பக்கங்களிலும் சுற்றி வரைக. இக்கோடு கடைசிவரை அழியாமல் இருக்க வேண்டும். அழிந்தால் மீண்டும் வரைக. அரைப்பக்கத்துக்கு மட்டும் அட்டையில் வடிவம் வெட்டி, அதனைக் கோட்டின் இருபுறமும் திருப்பி வைத்து வரைந்தால் இரு பக்கமும் ஒத்திருக்கும். இலையின் அகலம் ஆறு முதல் ஏழு அங்குலம் போதும். கோட்டுக்கு வெளியே சிறிது விட்டு வாளால் அறுத்தெடுக்க.

அடுத்து இலையை மெலிதாக்குதல். விளிம்பைச் சுற்றிலும் நடுத்தடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு கோடு கிழித்து, கால் அங்குல விளிம்பு எஞ்சுமாறு குறித்துக்கொள்க. நடுவில் முதுகு உயர்ந்து விளிம்பை நோக்கிச் சரியுமாறு இழைப்புளியால் சீவுக. கழுத்திலிருந்து இறங்கும் அந்த முதுகு இலையின் பாதியைத் தாண்டியதும் மெல்ல மறைய வேண்டும். கழுத்தில் மரத்தைத் தாராளமாக விடுக. துடுப்புகள் முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

காம்பை உருட்டுவதில் ஒரு கணக்குண்டு. சதுரத்தின் ஒரு முகத்தை 24 பங்காகக் கொண்டு 7, 10, 7 எனப் பிரித்து இரு கோடுகள் வரைக. நான்கு முகங்களிலும் இவ்வாறு வரைந்து மூலைகளைக் கோடு வரை சீவினால் எண்கோணம் தானே அமையும். பாய்மரம் செய்வோர் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு இது, எத்தடிப்புக்கும் பொருந்தும். எண்கோணத்தின் முனைகளை மீண்டும் சீவிப் பதினாறாக்கி, பிறகு உப்புத்தாளால் உருட்டுக. முழு வட்டத்தைவிடச் சற்றே முட்டை வடிவாய் விடுவது நன்று. இலை எந்தப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை இருட்டிலும் கை அறிந்துகொள்ளும்.

பிடியைக் கடைசியில் செய்க. உரியவர் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்து, சிறிது சிறிதாக அரத்தால் தேய்க்க வேண்டும். இந்நேரத்தில் பிள்ளை அருகில் இருக்கட்டும். 'இங்கே உறுத்துகிறது அப்பா' என்று அவன் சொல்ல, அவ்விடத்தை இரண்டு தேய்ப்பில் சரிசெய்வது எந்தக் கடையிலும் கிடைக்காத சேவை. மகளானாலும் மகனானாலும் உப்புத்தாளை அவர்கள் கையிலேயே கொடுங்கள். மரத்தூள் மூக்கில் ஏறாமல் முகமூடி அவசியம். படாக் தூள் சிலருக்குத் தும்மலையும் இளைப்பையும் உண்டாக்கும்.

தேய்ப்பு முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை நனைத்து உலரவிடுக. நார் சிலிர்த்து எழும். அதை மீண்டும் நயமாகத் தேய்த்தால் பிறகு நீர் பட்டாலும் சிலிர்க்காது. இலைக்கும் காம்புக்கும் வார்னிஷ் பூசலாம். பிடிக்கு மட்டும் வேண்டா. வார்னிஷ் கையைக் கொப்புளிக்கச் செய்யும். அங்கே ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்துத் துடைத்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைத் தவறாது கூற வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது காற்றோடு கலந்து தானே சூடேறி, தீப்பொறி ஏதுமின்றியே பற்றிக்கொள்ளும். மரத்தூள் நிறைந்த பட்டறைக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. துணியை வெளியில் விரித்து உலர்த்துக. அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்துக.

முடிந்த துடுப்பை நேரே கடலுக்குக் கொண்டுபோகலாகாது. முதலில் கழுத்தருகே ஒரு விரலின்மேல் வைத்துப் பார்க்க; அவ்விடத்திலோ சற்று மேலோ சமநிலை கிட்டினால் நன்று. பின்னர் இரு முனைகளையும் இரு கட்டைகளின்மேல் வைத்து, நடுவில் உள்ளங்கையால் மெல்ல அழுத்துக. சற்று வளைந்து மீள வேண்டும். சிறு நெரிசல் ஓசை கேட்டாலும் அது அடுப்புத் துடுப்பாகட்டும், கடலுக்கு வேண்டா. கரையில் முறிவது மரத்தின் நட்டம் மட்டுமே. நீரில் முறிந்தால் கரை தொலைவாகிவிடும். ஆதலால் எத்தனை நல்ல துடுப்பாயினும் தோணியில் மாற்றுத் துடுப்பு ஒன்று இருந்தே தீர வேண்டும். மிதவைச் சட்டை அணியாமல் பிள்ளைகளை ஏற்றலாகாது. உப்புநீர் முதலைகள் நடமாடும் கழிகளில் எச்சரிக்கைப் பலகையை மீறிச் செல்வது வீரமன்று.

வீடு திரும்பியதும் துடுப்பை நன்னீரில் கழுவி, நிழலில் தொங்கவிடுக. சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் கோணும்.

இத்தீவுகளில் 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். அரசுப் பணிக்கும், வணிகத்துக்கும், உடலுழைப்புக்கும் கடல் கடந்து வந்த குடும்பங்கள் நம்முடையவை. ஊரிலிருந்து வருகையில் பெரிய சொத்து எதையும் கொண்டுவந்தோர் சிலரே. கையிலிருந்த தொழிலைப் பலர் கொண்டுவந்தனர். அத்தொழில் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய நிலை இன்று இல்லை, அது நன்றே. ஆனால் ஒரு பலகையின் நாரைப் பார்த்து, 'இது தாங்கும், இது தாங்காது' என்று தாமே தேரும் கண் அவர்களுக்கு வாய்க்க வேண்டும். அந்தக் கண் புத்தகத்தால் வருவதன்று. பெரியவர் ஒருவர் அருகில் நின்று மரத்தைத் தொட்டுத் தொட்டு வருவது.

எனவே தச்சுத் தெரிந்த பெரியவர்கள் அடுத்த விடுமுறை நாளில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவரையேனும் பட்டறைக்கு அழைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு துடுப்பு முடியப் பல மாலைகள் ஆகலாம். ஆகட்டும். அவசரம் எதுவுமில்லை; இப்பொழுது மழைக்காலத்தில் தொடங்கினால், கடல் அடங்கி நீர் தெளியும் பருவத்திற்குள் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருக்கும்.