தூக்குவதற்கு முன்

மதிப்பிற்குரிய திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையில் குடியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை, கிரிவலம் வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரை இருசக்கர வண்டி தட்டிவிட்டது. மல்லாந்து விழுந்தார். "தூக்குங்கப்பா, தூக்குங்க" என்று நாலாபக்கமும் குரல். டீக்கடையிலிருந்தும் ஆட்டோ நிறுத்தத்திலிருந்தும் ஓடினோம். ஒருவர் அக்குளில் கைகொடுத்தார், நான் காலைப் பிடித்தேன். உட்காரவைத்தோம். முகத்தில் தண்ணீர் அடித்தோம். யாரோ சோடா உடைத்து வாயில் ஊற்றப் பார்த்தார்கள். பிறகு ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கி உட்காரவைத்து, தலை நெஞ்சில் தொங்கத் தொங்க அனுப்பிவைத்தோம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று கலைந்துபோனோம்.

அவர் அதன்பின் நடக்கவே இல்லையாம். கழுத்துத் தண்டெலும்பில் முறிவு. விழுந்த வேகத்திலேயே தண்டுவடம் நசுங்கியதா, நாங்கள் தூக்கிய தூக்கில் நசுங்கியதா என்று இனி எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

தண்டுவடம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். அதைச் சுற்றி எலும்புக் கூடு. எலும்பு முறிந்தும் உள்ளே நரம்பு பிழைத்திருக்கும் ஆட்கள் உண்டு. அவர்களைத்தான் நம் கைகள் முடக்கிவிடக்கூடும். உட்காரவைக்கும்போதோ, கழுத்தை ஒரு பக்கம் திருப்பும்போதோ முறிந்த எலும்பு நகர்ந்து நரம்பை நசுக்கலாம். கழுத்தின் மேற்பகுதியில் அப்படி நடந்தால் மூச்சு இழுக்கும் உதரவிதானமே நின்றுபோகும்.

நம் பக்கத்து ஊரான வேலூரில் நடந்ததைத் தாங்களும் அறிந்திருப்பீர்கள். 1954 ஜனவரியில், சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் சேர்ந்து போன உல்லாசப் பயணத்தில் வண்டி கவிழ்ந்து, டாக்டர் மேரி வர்கீஸுக்கு முதுகுத்தண்டு முறிந்தது. உடன் இருந்தவர்கள் மருத்துவர்கள். சேர்ந்தது நாட்டின் சிறந்த மருத்துவமனைகளில் ஒன்று. அப்படியிருந்தும் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார், 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழும்பக் காரணமானார். அந்த மனத்திடத்தை வணங்குகிறேன். ஆனால் அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்க அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை. சாலையோரத்தில் நிற்கும் எங்களால் முடிவது, இருக்கும் காயத்தைக் கூட்டாமல் இருப்பதுதான்.

தலைக்காயத்தின் குணம் வேறு. அடிபட்டவர் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா, நான் போய்க்கிறேன்" என்பார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே கசியும் ரத்தம் மூளையை அழுத்தச் சில மணி நேரம் ஆகலாம். தலைவலி கூடிக்கொண்டே போகும், வாந்தி வரும், பேச்சு குழறும், ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகும், தூக்கம் சொக்கும். அப்போது வீட்டில் சொல்லும் "அசதி, தூங்கட்டும் விடுங்க" என்ற வார்த்தை உயிரைக் கொண்டுபோய்விடும்.

செய்யவேண்டியது கடினமானதே இல்லை. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை இருபுறமும் பிடித்து, கிடக்கும் நிலையிலேயே அசையாமல் வைத்திருக்க வேண்டும். "சாமி, அப்படியே படுத்திருங்க, அசையாதீங்க, ஆம்புலன்ஸ் வருது" என்று பேசிக்கொண்டே இருக்கவேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்க, மற்றவர்கள் வண்டிகளை மறிக்கட்டும். ரத்தம் வழிந்தால் சுத்தமான துண்டை வைத்து அழுத்தலாம். மண்டை உள்வாங்கியிருந்தால் அங்கே மட்டும் அழுத்தக்கூடாது. காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வந்தால் அடைக்கக்கூடாது. தண்ணீர், சோடா, டீ எதுவும் வாயில் கூடாது. ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றக்கூடாது. வாந்தி எடுத்தால் நாலு பேர் சேர்ந்து, தலையும் தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக, ஒருக்களித்துத் திருப்பவேண்டும். மூச்சே நின்றுவிட்டால் மட்டும் கழுத்தைப் பற்றிய கவலை இரண்டாவது. நெஞ்சழுத்தம் உடனே தொடங்க வேண்டும்.

அரசு செய்தவற்றை மறந்துவிட்டு எழுதவில்லை. 108 சேவை 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உதவ வருபவரைப் போலீஸும் கோர்ட்டும் அலைக்கழிக்கக்கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவும் அது வந்துவிட்டது. இது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. "கேஸ் ஆயிடும்" என்று இன்னும் ஒதுங்குகிறார்கள்.

2024 டிசம்பர் 1 அன்று நம் ஊர் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் புதைந்தபோது பேரிடர் மீட்புப் படை வந்தது. ஆனால் சாலையில் ஒருவர் விழுந்தால் முதலில் வருவது பூக்காரம்மாவும் ஆட்டோக்காரரும்தான். பௌர்ணமி இரவில், கார்த்திகை தீபத்தன்று, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நகரும்போது ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் வரமுடியும். அதுவரை அடிபட்டவரின் கழுத்து எங்கள் கையில்.

ஆகவே கேட்கிறேன். கிரிவலப் பாதையின் ஆட்டோ ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், அன்னதானம் செய்பவர்கள், சாதுக்கள், பாதுகாப்புக்கு வரும் காவலர்கள் ஆகியோருக்கு மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களைக் கொண்டு அரைநாள் செய்முறைப் பயிற்சி கொடுங்கள். இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை பாதையிலுள்ள எட்டு லிங்கச் சன்னதிகளிலும், ஆசிரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கற்பாதையின் அடிவாரத்திலும், வார்பட்டையோடு கெட்டியான ஸ்ட்ரெச்சர் பலகை ஒன்று இருக்கட்டும். மழை பெய்தால் அந்தக் கற்கள் வழுக்கும். வெளியூர்க்காரர் 108-க்கு "மலைக்குப் பக்கத்தில்" என்றுதான் சொல்வார். விளக்குக் கம்பங்களில் எண் எழுதினால் இடம் சொல்லலாம். காணாமல்போன பிள்ளைகளை அறிவிக்கும் அதே ஒலிபெருக்கியில், "விழுந்தவரைத் தூக்காதீர்கள், தலையை அசையாமல் பிடியுங்கள், 108-ஐ அழையுங்கள்" என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லச் செய்யுங்கள்.

ஆசிரமத்து ஆட்டோ நிறுத்தத்தில் விடியற்காலையிலேயே ஆட்கள் இருப்பார்கள். முதல் பயிற்சியை அங்கே வையுங்கள். தரையில் படுத்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
செங்கம் சாலையில் வசிப்பவன்