ஒரு படை, இரண்டு தலைமை

அமெரிக்காவில் 'நேஷனல் கார்டு'னு ஒரு படை இருக்கு. புயல், வெள்ளம்னா மாநில கவர்னர் கூப்பிடுவார். போர்னா ஜனாதிபதி ராணுவத்தோடு சேர்த்துக்குவார். அங்கே கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நியமனம் இல்லை!

1957-ல் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் தடுக்க, அர்கன்சாஸ் கவர்னர் இந்தப் படையை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசனோவர் படையைத் தன் கைக்கு எடுத்து, ராணுவத்தையும் அனுப்பி, பிள்ளைகளை உள்ளே போக வைத்தார்.

2025-ல் குடியேறிகளைப் பிடிக்கும் சோதனைகளை எதிர்த்து லாஸ் ஏஞ்சல்ஸில் மக்கள் போராடினாங்க. கலிபோர்னியா கவர்னர் வேண்டாம்னு சொல்லியும் டிரம்ப் படையை இறக்கினார்.

மாநில உரிமை பேசும் நாம ரெண்டையும் சேர்த்தே படிக்கணும். மாநிலத்தின் சம்மதம் இல்லாம படை இறங்கக் கூடாது. மாநிலமே தன் மக்களின் உரிமையை மறிச்சு நின்னா மட்டும்தான் விதிவிலக்கு.

#மாநிலஉரிமை #சமூகநீதி