மணி அடித்தது யார்?

மாணவர்களே! கணிப்பொறியின் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டுகிறீர்கள். உடனே அது திரையில் தோன்றுகிறது. ஏதோ ஒரு கணக்கில் மூழ்கியிருந்த செயலிக்கு நீங்கள் தட்டிய செய்தி எப்படிப் போயிற்று?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. விருந்தாளி வந்துவிட்டாரா என்று அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கலாம். அல்லது வாசலில் ஒரு மணியைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இரண்டாவது வழிக்குக் 'குறுக்கீடு' என்று பெயர். மணி கேட்டதும் செயலி கையிலுள்ள கட்டளையை முடிக்கிறது. விட்ட இடத்தைக் குறித்துவைக்கிறது. அழைத்த கருவிக்குரிய சிறு நிரலை இயக்கிவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்புகிறது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இந்த மணிகளைக் கவனிக்க 8259 என்ற சில்லு இருந்தது. அதற்கு 8 கம்பிகள். 1984இல் வந்த பி.சி. ஏ.டி.யில் இரண்டு சில்லுகள். அவற்றை இணைக்க ஒரு கம்பி போக, மீதி 15. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1 என்று பல கம்பிகள் முன்பே ஒதுக்கப்பட்டவை. புதிதாக ஓர் ஒலி அட்டையைப் பொருத்தினால், அதிலுள்ள ஜம்பரை மாற்றிக் காலியான ஓர் எண்ணைத் தர வேண்டும். அதே எண்ணை இயக்க முறைமைக்கும் சொல்ல வேண்டும். அட்டை 5ஆம் கம்பியில் அழைக்க, இயக்க முறைமை 7ஆம் கம்பியில் காத்திருந்தால் என்ன ஆகும்? இரண்டும் பழுதில்லாதவைதான், ஆனால் வேலை நடக்காது! ஒரே கம்பியை இரண்டு அட்டைகளுக்குக் கொடுத்தாலும் ஒன்றின் அழைப்பு மற்றொன்றில் மறைந்துபோகலாம்.

1990களில் வந்த பி.சி.ஐ. அட்டைகள் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொள்ள வல்லவை. எண்களை ஒதுக்கும் வேலையையும் கணிப்பொறியே ஏற்றுக்கொண்டது. இன்றைய அட்டைகளில் பல, கம்பிக்குப் பதிலாகச் சிறு செய்தி ஒன்றை அனுப்பியே செயலியை அழைக்கின்றன.

"எல்லாம் தானாக நடக்கும்போது இதை ஏன் படிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் படிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைக் குற்றாலத்தில் காட்டுகிறேன்.

குற்றாலத்தில் அருவிக்கரையில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டுவதுண்டு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மேலே பெய்யும் மழையைக் கீழே அறிவிக்கும் கருவி ஒன்றைத் தென்காசிப் பள்ளி மாணவர்களாகிய நீங்களே செய்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஏற்றப்பலகை போல ஆடும் இரு சிறு கிண்ணங்கள் கொண்ட மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு முறை கிண்ணம் சாயும். ஒரு காந்தச் சுவிட்சு நொடியின் சிறு பகுதி நேரம் மூடித் திறக்கும். ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் பெய்தால் 200 சாய்வுகள். உங்கள் நிரல் பாதி நேரத்தைச் செய்தி அனுப்புவதிலேயே கழித்து, மீதி நேரத்தில் மட்டும் சுவிட்சைப் பார்த்தால், ஏறத்தாழ 100 சாய்வுகள் விட்டுப்போகும். மழை 20 மில்லிமீட்டர்தான் என்று கருவி சாதிக்கும்! அது பொய் சொல்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

இதற்கு மாற்று என்ன? அர்டுயினோ ஊனோ பலகையில் 2, 3 என்ற எண்ணுள்ள இரு முனைகள் வெளிக் குறுக்கீட்டுக்கென்றே உள்ளன. சுவிட்சை அவற்றில் ஒன்றில் இணையுங்கள். மணி அடித்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவது மட்டுமே குறுக்கீட்டு நிரலின் வேலையாக இருக்கட்டும். செய்தி அனுப்புவதை முதன்மை நிரல் பார்த்துக்கொள்ளும். எந்த முனை, எந்த நிரல் என்பதை இங்கே நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். தானாக எதுவும் நடப்பதில்லை.

மழைமானி ஒன்றே எல்லாரையும் காத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அறிவிப்பைக் கேட்டு உடனே கரையேறும் மக்களும், அதை வற்புறுத்தும் காவலர்களும் வேண்டும். ஆனால் மணியே அடிக்காவிட்டால் அவர்கள் என்ன செய்ய முடியும்?

ஆகவே, பழைய கணிப்பொறிகளைப் பழைய இரும்புக்குப் போடுமுன் பள்ளிகள் அவற்றில் ஒன்றையாவது மாணவர்கள் கழற்றிப் பார்க்கக் கொடுக்க வேண்டும். அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். லினக்ஸ் உள்ள கணிப்பொறியில் 'ப்ராக்' என்ற அடைவில் 'இன்டரப்ட்ஸ்' என்ற கோப்பைத் திறந்து, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் சிறிது நேரம் தட்டிவிட்டு மறுபடியும் திறந்து பாருங்கள். எந்த வரியில் எண்ணிக்கை ஏறியிருக்கிறது? மணி அடித்தது யார் என்று கண்டுபிடியுங்கள்!