படித்தேன், ஒப்புக்கொண்டேன்

எங்கள் வீட்டுப் பழைய தொலைக்காட்சிப் பெட்டி, பதினோரு வருடம் உழைத்துவிட்டு, போன தீபாவளிக்கு மறுநாள் கண்ணை மூடியது. பிரான்ஸிலிருந்து மகன் போனில் சொன்னான். "அப்பா, 55 இஞ்சுக்குக் குறைஞ்சு வாங்காதீங்க. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்கு. எழுத்து பெரிசாத் தெரியணும். பணம் நான் அனுப்பறேன்." பணம் வேண்டாம், பென்ஷன் இருக்கிறது என்றேன். பெட்டியை மட்டும் நானே பார்த்து வாங்குகிறேன் என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னதன் பலன்தான் இந்தப் பதிவு.

எது நல்ல பெட்டி என்று இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு பெட்டிகளை ஒரு சாதாரண மனிதன் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க முடியாதபடி இந்த வியாபாரம் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு. அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் வைக்கிறேன்.

புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்த காலத்தில் சில வருடங்கள் கொள்முதல் பிரிவில் கழிந்தன. பத்து நாற்காலி வாங்குவதென்றாலும் மூன்று விலைப்புள்ளி வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும். இடப்பக்கம் விவரக்குறிப்பு, வலப்பக்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பிறகுதான் யார் எல்-1 என்று எழுதலாம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் தணிக்கைக்காரர் ஆட்சேபணை எழுதுவார். அந்தப் பழக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக்கொண்டு நூறடி சாலைக் கடைக்குப் போனேன்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு பெட்டிகள். பெயர் வேண்டாம், அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 55 இஞ்ச், அதாவது மூலைக்கு மூலை சுமார் 139 செ.மீ. அகலம் நான்கு அடி. அ-வின் விலை 46,990 ரூபாய். ஆ 61,490 ரூபாய். இரண்டின் மேலும் அடித்துக் காட்டிய பழைய விலை ஒன்று தொங்கியது. அந்த விலைக்கு யாராவது எப்போதாவது வாங்கியிருப்பார்களா தெரியாது. 2025 செப்டம்பரில் பெரிய பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைக்கூடக் கடையின் தள்ளுபடி போலவே எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் கட்டம்: படம். இரண்டு திரையிலும் கிளி, பவளப்பாறை, மிளகாய்ப் பொடிக் குவியல். கண் கூசியது. "தம்பி, சன் டிவி வை" என்றேன். "இங்க கனெக்‌ஷன் இல்லை ஐயா, டெமோதான்" என்றார் விற்பனைப் பையன். இந்தப் பெட்டிகளில் கடைக்கென்று ஒரு நிலை, வீட்டுக்கென்று ஒரு நிலை உண்டு. கடை நிலையில் வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் நிற்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் பவுடர் அப்பிய முகம் மாதிரி. வீட்டு நிலைக்கு மாற்றச் சொன்னேன். பையன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு மாற்றினார்கள். இரண்டு பெட்டியும் சாதாரண மனிதர்கள் ஆயின. அப்போதுதான் ஒப்பிடவே முடிந்தது.

இரண்டாவது கட்டம்: 4கே. 3,840-ஐ 2,160-ஆல் பெருக்கினால் 82,94,400 புள்ளிகள். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும் சாதாரண சேனல் 720-க்கு 576. அதாவது 4,14,720 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், சரியாக இருபதில் ஒன்று. மீதிப் பத்தொன்பது புள்ளிகளைப் பெட்டி தானாக ஊகித்துப் போட்டுக்கொள்கிறது. ஆகவே புள்ளிக் கணக்கைவிட அந்த ஊகத்தின் தரம் முக்கியம். அதைச் சொல்ல எந்த அட்டையிலும் கட்டம் இல்லை.

மூன்றாவது, அசைவு. அ-வின் அட்டையில் பெரிய எண் ஒன்று, அதற்கு ஒரு கவர்ச்சியான பெயர். தோண்டிக் கேட்டால் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கிறது. மீதி எண் விளம்பர இலாகாவின் கைவண்ணம். நான்காவது, ஹெச்.டி.ஆர். இரண்டிலும் உண்டு என்று போட்டிருக்கிறது. அந்த சிக்னலை வாங்கிக்கொள்வது வேறு, அதைக் காட்டும் அளவுக்கு ஒளிர்வு இருப்பது வேறு. ஒளிர்வை நிட் என்ற அளவில் சொல்வார்கள். இரண்டு அட்டையிலும் அந்த எண் இல்லை. ஐந்தாவது, பேனல் எந்த வகை. ஐ.பி.எஸ். என்றால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் வெளுக்காது, ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வி.ஏ. என்றால் கறுப்பு கறுப்பாக இருக்கும், பக்கவாட்டில் வெளுக்கும். என் மனைவி ஹாலில் பக்கவாட்டுக் கட்டிலில் படுத்தபடி பார்ப்பவள். எங்களுக்கு இது முக்கியமான கேள்வி. கடையில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. நானே இரண்டு பக்கமும் நடந்து போய்ப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். திக்தே என்று ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிக்க வாசிக்க எழுத வேண்டும். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு கம்பெனிகளும் முதல் பக்கத்திலேயே பூஜ்யம்.

ஆறாவது, ரிமோட். என் மனைவிக்குச் சேனல்கள் எண்களாகத்தான் மனப்பாடம். இந்த ரிமோட்டில் எண்களே இல்லை. அதற்குப் பதில் நாங்கள் சந்தா கட்டாத நான்கு கம்பெனிகளின் பெயரில் நான்கு பொத்தான்கள். அவை பொத்தான்கள் இல்லை, கம்பெனிகள் காசு கொடுத்துப் பிடித்த இடங்கள். பெட்டியைப் போட்டால் முதல் பக்கத்தில் பாதி விளம்பரம். தெருச் சுவரில் ஒட்டினால் நகராட்சிக்கு வாடகை. என் வீட்டுச் சுவரில் ஒட்டினால் வாடகை யாருக்கு?

இதுவரை சொன்னதெல்லாம் எந்தச் சந்தையிலும் உள்ள தந்திரம் என்று விட்டுவிடலாம். கத்தரிக்காய்க்கும் மேலே தண்ணீர் தெளிக்கிறார்கள். இனிச் சொல்வது வேறு.

"தம்பி, முதல் தடவை போடும்போது ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பக்கம் வருமே, அதைக் காட்டுங்க" என்றேன். பையன் சிரித்தார். "அதை யாரும் படிக்க மாட்டாங்க ஐயா. 'அக்ரி' கொடுத்துட்டாப் போதும்." அவர் மேல் கோபமில்லை. ஆனால் அன்று ராத்திரி இரண்டு கம்பெனிகளின் நிபந்தனைகளையும் இணையத்தில் எடுத்து, தெருமுனைக் கடையில் அச்செடுத்தேன். 58 பக்கம். எல்லாம் ஆங்கிலம். இரண்டு மாலைகள் படித்தேன்.

நான் புரிந்துகொண்டது இது. திரையில் ஓடும் படத்தின் சிறு துண்டுகளை அவ்வப்போது எடுத்து, அது எந்த நிகழ்ச்சி என்று அடையாளம் காணும் ஏற்பாடு இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்ற கணக்கு வீட்டைவிட்டு வெளியே போகும். விளம்பரம் கொடுப்பவர்களுக்கு அது பயன்படும். இதற்கு வைத்திருக்கும் பெயரில் வேவு என்ற வாசனையே இருக்காது. அனுபவம், மேம்பாடு, சேவை என்றுதான் இருக்கும். 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்ற பொத்தான் பெரிதாக மேலே. தனித்தனியாக வேண்டாம் என்று சொல்லும் வழி சிறிதாக உள்ளே.

இது கிழவனின் பிரமை என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் விஜியோ என்ற கம்பெனி 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டி இப்படிப்பட்ட ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. சொல்லாமல் கொள்ளாமல் 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளில் பார்வைக் கணக்கு எடுத்தார்கள் என்பது புகார்.

மகன் சிரித்தான். "உங்க விஷயம் யாருக்குப்பா வேணும்? நீங்க பார்க்கறது நியூஸும் பழைய பாட்டும்." யாருக்கும் வேண்டாம் என்றால் ஏன் எடுக்கிறார்கள்? வேண்டாத பொருளுக்கு யாரும் 58 பக்கம் எழுதுவதில்லை. அதனால்தான் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்பது அவனுடைய அடுத்த வாதம். இருக்கலாம். அப்படியானால் அதையும் விலை என்று அட்டையில் போடட்டும். 46,990 ரூபாயும், உங்கள் வீட்டுப் பழக்கவழக்கமும் என்று எழுதட்டும். விலையின் ஒரு பகுதியை மறைத்த விலைப்புள்ளியை எங்கள் பிரிவில் திருப்பி அனுப்பியிருப்போம்.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன். போன வருடம் என் மைத்துனி காலமான பிறகு என் மனைவிக்குத் தூக்கம் சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து கொட்டகையில் பார்த்த படங்கள். அது எனக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும். ஒரு கிழவி இரண்டு மணிக்குத் தூங்காமல் இருக்கிறாள் என்று எங்கோ ஒரு கம்பெனிக்கு ஏன் தெரிய வேண்டும்? தெரிந்தால் அவளுக்கு என்ன விற்பார்கள்? தூக்க மாத்திரையா, ஜோசியமா?

இந்த இடத்தில் என் அப்பா ஞாபகம் வருகிறார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, செர்த்திஃபிகா வகுப்பு. நாங்கள் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். ஒப்பந்தம் பிரெஞ்சில் இருந்தது. அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அந்தக் காலத்தில் கையெழுத்துக்கு மேலே 'லு எ அப்ருவே' என்று கைப்பட எழுத வேண்டும். படித்தேன், ஒப்புக்கொண்டேன் என்று பொருள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். அப்பா என்னைத் திண்ணையில் உட்கார வைத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொன்னார். ஒரு வரியில் வீட்டுக்காரர் எந்த நேரத்திலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று இருந்தது. "வாடகை கொடுக்கறது நான். கதவு என்னோடது" என்றார் அப்பா. அந்த வரியை அடித்த பிறகுதான், நான் காட்டிய மாதிரியைப் பார்த்து, எழுத்து எழுத்தாக அந்த மூன்று சொல்லையும் எழுதினார்.

இன்றைய பெட்டி கேட்பது 'அப்ருவே' மட்டும். 'லு' அதற்கு வேண்டியதில்லை.

2023-இல் நம் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. சம்மதம் என்றால் அது சுதந்திரமாக, குறிப்பாக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றி, ஐயமின்றிக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? விளம்பரத்தைத் தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்கு நிபந்தனையைத் தமிழில் எழுதத் தெரியாதா? என் மகன் வாழும் நாட்டில் இதற்கான சட்டம் 1978-லேயே வந்துவிட்டது.

கடைசியில் ஆ-வை வாங்கினேன். பக்கவாட்டில் படம் வெளுக்கவில்லை என்பது ஒரு காரணம். பார்வைக் கணக்குக்குத் தனியாக 'வேண்டாம்' சொல்லும் வழி எளிதாக இருந்தது இன்னொரு காரணம். அரசுக் கோப்பாக இருந்தால் எல்-1-ஐ விட்டதற்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். எழுதியிருப்பேன். மாட்ட வந்த பையன் ரிமோட்டை எடுத்துத் தானே 'அக்ரி' அழுத்தப் போனார். வாங்கிக்கொண்டேன். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பெட்டி ஓடுவதற்குத் தேவையானதை மட்டும் ஏற்றோம். பார்வைக் கணக்கு, விளம்பரம், குரல் பதிவு மூன்றுக்கும் வேண்டாம். அரை மணி நேரம் ஆனது. பையன் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டி நன்றாகவே ஓடுகிறது. அந்த மூன்றும் இல்லாமல் ஓடும் என்றால், கேட்டதே எதற்கு?

படம் உண்மையிலேயே அருமை. அதை மறைக்க மாட்டேன். வாங்கப் போகிற நண்பர்களுக்கு மூன்றே வார்த்தை: கடை நிலையை மாற்றிப் பாருங்கள், நீங்கள் உட்காரும் கோணத்தில் நின்று பாருங்கள், ஒப்புதல் பக்கத்தைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அமைப்புகளுக்குள் போய்த் தனியுரிமை என்ற பகுதியைத் தேடினால், கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கலாம். தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. என் அப்பா பன்னிரண்டு வயதுப் பையனைத்தான் கேட்டார்.

ராத்திரி இரண்டு மணி விஷயத்தை இங்கே எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். "மத்தது இருக்கட்டும், போடுங்க" என்றாள். போட்டிருக்கிறேன்.