தபால்தலைச் சேகரமும் நாமும்

வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில் தபால்தலை ஆல்பம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்த கடித உறைகளே பெரும்பாலும் அதற்கு வித்து. உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்று வீட்டை ஒழிக்கும் வேளையில், 'இதை என் செய்வது?' என்னும் கேள்வி எழுகின்றது. பிள்ளைகளுக்கோ அதில் நாட்டமில்லை.

பேணுவோர் இல்லாவிடில் விற்றுவிடுவதே நன்று என்போம். பரணில் ஈரமும் பூச்சியும் அரிப்பதினும், விரும்புவோர் கையில் அது வாழட்டும். ஆயின், மதிப்பறியாமல் விற்றல் தகாது. 1948 ஆகஸ்டு 15 அன்று காந்தியடிகள் உருவத்துடன் 1½, 3½, 12 அணா, 10 ரூபாய் என நான்கு தபால்தலைகள் வெளிவந்தன. சிறு மதிப்புடையவை எளிதில் கிடைப்பன. 10 ரூபாய்த் தலையோ அருமையானது. 'சர்வீஸ்' என மேலச்சிடப்பட்ட அத்தகைய தலைகள் நான்கு, 2017-இல் 5 லட்சம் பவுனுக்கு விலைபோயின. போலிகளும் உலவுகின்றன. பின்புறப் பசை, ஓரப் பற்கள், முத்திரை ஆகியவற்றின் நிலைக்கேற்ப விலை வேறுபடும்.

எனவே முதலில் பட்டியல் எழுதுக. வணிகர் இருவரிடமேனும் விலை கேட்டறிக. நல்லவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு எஞ்சியவற்றைத் தள்ளிவிட இடங்கொடுக்க வேண்டா. உறைகளிலிருந்து தலைகளை நனைத்துப் பிரிக்கவும் வேண்டா. பழைய அஞ்சல் முத்திரையுடன் கூடிய முழு உறைக்கே மதிப்பு மிகுதியாதலும் உண்டு.

உறையை விற்குமுன் உள்ளிருக்கும் கடிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்க. தபால்தலையை நாளை வேறொருவரிடமிருந்தும் வாங்கலாம். பெற்றோர் கைப்பட எழுதியதை எங்கும் வாங்க இயலாது.