கடைமடைக் கணக்கும் கோட்டைக்குப் போக வேண்டும்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து தென்கால் வழியே புறப்படும் தண்ணீர் கடம்பாகுளம் முதலிய குளங்களைக் கடந்துதான் திருச்செந்தூர் வட்டாரத்து வயல்களுக்கு வந்து சேர வேண்டும். பிசான நடவுக்கு நாற்று தயாராக இருக்கும். மடையில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் வரும்போது மழையும் சேர்ந்து வந்து வயலை மூழ்கடிக்கும். இப்படிப்பட்ட கடைமடை விவசாயியிடம், "இந்த முறையில் நடுங்கள், மகசூல் கூடும்" என்று சிபாரிசு செய்தால், அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதை யார் வயலில் செய்து பார்த்தார்கள்?"

கேள்வி மிக நியாயமானது. அரசாங்கம் ஒரு திட்டத்தைக் கொண்டு வருமுன் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். ஒரு முறை அப்படிக் கேட்கவும் செய்தது. அந்தச் சோதனை நடந்த இடங்களுள் ஒன்று இதே தாமிரபரணிப் பாசனப் பகுதி என்பது பலருக்கு மறந்து போயிருக்கும்.

ஒற்றை நாற்று நடவு முறை மடகாஸ்கர் தீவில் உருவானது. அங்கே பணியாற்றிய லோலானியே என்ற பாதிரியார் 1980-களில் விவசாயிகளுடன் சேர்ந்து அதை வகுத்தார். 14 நாள் வயதுள்ள இளம் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும். கோனோ வீடர் கருவியால் களையை மண்ணோடு அமுக்கிவிட வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதைத்து வந்த இடத்தில் 2 முதல் 3 கிலோ விதையே போதும்.

இதைப் பற்றி உலக விஞ்ஞானிகளிடையே அப்போது ஒருமித்த கருத்து இல்லை. மகசூல் வெகுவாகக் கூடும் என்றனர் ஒரு சாரார். சீனாவில் மூன்று இடங்களில் நடத்திய சோதனையில் பழைய முறையைவிட இதில் சிறப்பான லாபம் எதுவும் தெரியவில்லை என்று 2004-ல் மற்றொரு சாரார் எழுதினர். இரு பக்கமும் படித்தவர்கள் இருக்கும்போது அரசாங்கம் யாரை நம்புவது?

தமிழ்நாடு அரசு செய்தது விவேகமான காரியம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்து, காவிரிப் பகுதியில் 100, தாமிரபரணிப் பகுதியில் 100 என விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே 2003-04-ல் சோதனை நடத்தச் செய்தது. பழைய முறையும் புது முறையும் அருகருகே பயிராயின. தாமிரபரணியில் பழைய முறையின் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு 5,657 கிலோ. புது முறையில் 7,227 கிலோ. ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 635 கிலோ நெல் கூடுதல். அதன் பின்னரே இம்முறை பெரிய அளவில் அரசுத் திட்டமாயிற்று. உலக வங்கி உதவியுடன் 2007-ல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்திலும் இடம் பெற்றது. 'ராஜராஜன் 1000', 'செம்மை நெல் சாகுபடி', 'திருந்திய நெல் சாகுபடி' என்ற பெயர்களில் கிராமங்களுக்கு வந்தது இதுவே.

இதுவரை சரி. ஆனால் சராசரி ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. அதே சோதனையில் புது முறையில் ஹெக்டேருக்கு 10,655 கிலோ எடுத்த விவசாயியும் உண்டு. 4,214 கிலோ மட்டும் கண்டவரும் உண்டு. அந்தக் குறைந்த மகசூல் பழைய முறையின் சராசரிக்கும் கீழே. ஏன் இவ்வளவு வித்தியாசம்? மண்ணா, தண்ணீரா, நாற்றின் வயதா, களை எடுத்த நாளா? சிறு விவசாயிக்கு வேண்டியது இந்த விவரம்தான். ஒரு ஏக்கர் நிலம் உள்ளவர் சராசரியை அறுத்துக் களத்துக்குக் கொண்டு வர முடியாது. தம் வயலில் விளைந்ததைத்தான் கொண்டு வர முடியும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஒரு முறை திட்டமாக மாறியதும், எத்தனை ஏக்கரில் நட்டார்கள் என்பதே கணக்காகிவிடுகிறது. எத்தனை மூட்டை கண்டார்கள் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. இந்தியாவின் 13 மாநிலங்களில் நடந்து 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இம்முறையைக் கைக்கொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினரே எல்லா அம்சங்களையும் கடைப்பிடித்தனர். மற்றவர்கள் தங்களால் முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டனர். இதை விவசாயியின் சோம்பல் என்று சொல்லிவிடலாகாது. காயவிட்டுப் பாய்ச்ச வேண்டுமானால், வேண்டும்போது தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். முறைத் தண்ணீர் எப்போது வரும் என்றே தெரியாத கடைமடையில், வந்த தண்ணீரைத் தேக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

வெள்ளத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. 2003-ல் செய்த சோதனை இப்படிப்பட்ட ஆண்டுக்கு விடை சொல்லாது. பருவம் மாறும்போது சோதனையும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, எந்தப் புதிய சிபாரிசானாலும் அதன் சோதனைத் திடல்களில் ஒரு பங்கு கடைமடை வயல்களில் அமைய வேண்டும். அந்த விளைச்சலைத் தலைமடையோடு கலக்காமல் தனியே வெளியிட வேண்டும். இரண்டாவது, திட்டம் தொடங்கிய பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் எடை போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது, முடிவுகளைத் தமிழில், ஏக்கர் கணக்கில், வேளாண்மை விரிவாக்க மையத்தின் பலகையில் எழுதிப் போட வேண்டும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. செய்ய மனமிருந்தால் தூரம் ஒரு தடையல்ல.

விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு. நட்ட தேதி, தண்ணீர் வந்த நாட்கள், உரம், கூலி, கண்ட மூட்டை இவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பது பெரிய வேலையல்ல. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒருவர் மட்டும் எழுந்து "தண்ணீர் வரவில்லை" என்றால் அது புகார். ஒரே மடையைச் சேர்ந்த இருபது பேர் நாள், தேதியுடன் நோட்டை நீட்டினால் அது ஆதாரம். பயிர் காப்பீட்டு இழப்பீடுகூட வயலில் அறுத்து எடை போடும் பரிசோதனையைக் கொண்டே முடிவாகிறது. எனவே, அந்த அறுவடை நடக்கும் நாளில் அருகில் நின்று பார்ப்பதும் விவசாயியின் கடமையே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கொல்லையில் காய்த்த சுரைக்காயையும் ஏட்டில் ஏற்றினால்தான் கோட்டையில் இருப்பவர்களுக்கு அது காய்த்தது தெரியும்.